புத்தகம் முடியும் இடம்

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறு, பீர்மேட்டிலும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் செஸ் ஆடுகிறார்கள். எதிரே இருக்கும் நிரல் முதல் பத்து நகர்வுகளைப் படபடவென்று ஆடினால் அதன் அறிவை வியக்கிறார்கள். பெரும்பாலும் அது கணக்குப் போட்டு ஆடியதல்ல. ‘ஓப்பனிங் புக்’ என்னும் தொடக்கப் புத்தகம் சொன்னது. தொடக்க நிலைகளுக்கு ஆடத்தக்க நகர்வுகளையும் அவற்றின் எடையையும் குறித்து வைத்த கோப்பு அது.

அதை ஆயுதமாக ஏந்துவது ஒரு மரபு. 1997 மே 11 அன்று உலகச் சாம்பியன் காஸ்பரோவுடனான ஆறாவது ஆட்டத்தில் டீப் புளூ கணினி எட்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாய்க்காகக் குதிரையைக் கொடுத்தது. அது புத்தக நகர்வு. காஸ்பரோவ் 19 நகர்வுகளில் பணிந்தார். கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் போன்றவர்கள் அந்தப் புத்தகத்துக்கு உழைத்திருந்தார்கள்.

ஆனால் பலர் ஆடிய நகர்வெல்லாம் நல்ல நகர்வு ஆகிவிடாது. வலியவர் எளியவரை வென்ற ஆட்டங்கள் சேர்ந்தாலே ஒரு தொடக்கத்தின் வெற்றி விகிதம் ஏறிவிடும். புத்தகம் முடிந்ததும் வரும் நிலை நிரலுக்குப் பிடிபடாததாக இருந்தால், அது தன் நல்ல காயையே பின்னுக்கு இழுத்துத் தடுமாறும். பாடம் பண்ணிய கோர்வையை வாசிப்பது வேறு, பாட்டின் போக்குக்கு வாசிப்பது வேறு என்பதைப் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாட்டில் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நிரலுக்குப் புரியும் நிலையில் கொண்டுபோய் விடுவதே நல்ல புத்தகம் என்பேன். நீளம் பெருமையல்ல.

புத்தகமே வேண்டாம் என்பதும் ஒரு மரபு. 2017-இல் ஆல்பாசீரோ என்ற நிரல் விதிகளை மட்டும் வைத்துத் தன்னோடு தானே ஆடி, மனிதர் நூற்றாண்டுகளாக ஆடிவந்த குயின்ஸ் கேம்பிட் போன்ற தொடக்கங்களைத் தானே கண்டடைந்தது.

எஞ்சின்கள் எனப்படும் இந்த நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அளக்கும்போது மட்டும் புத்தகம் நடுவருடையதாக இருக்க வேண்டும். எஞ்சின்களுக்கான டிசிஇசி போட்டியில் அப்படித்தான். தொடக்கத்தைப் போட்டி நடத்துவோர் தருகிறார்கள். அதையே இரு எஞ்சின்களும் நிறம் மாற்றி ஆடுகின்றன. வழக்கமான தொடக்கங்களில் டிராவே குவிவதால், ஒரு பக்கம் சாய்ந்த நிலைகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருக்கிறது. ரைப்கா எஞ்சினுக்குப் புத்தகம் அமைத்த ஜெருன் நோமன் இதிலும் கைதேர்ந்தவர்.

பிள்ளைகளுக்குப் புத்தகமும் எஞ்சினும் எவ்வளவு வேண்டும்? குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் எஞ்சினையே தள்ளிவைத்தார். அந்தப் பையன் 2019-இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றான்.