அணி பலம்தான், மைதானம் எங்கே?

பாரதிராஜா, பாலாஜி சக்திவேல், ராஜுமுருகன், தியாகராஜன் குமாரராஜா, இவர்களுடன் இரண்டு இளைஞர்கள். 2023 மே மாதம் அமேசான் பிரைமில் வந்த ‘மாடர்ன் லவ் சென்னை’ என்ற ஆறு கதை ஆந்தாலஜியின் அணிப் பட்டியல் இது. மூன்று படங்களுக்கு இளையராஜா இசை வேறு. இத்தனை பேர் இறங்கியும், ஆறையும் பார்த்து முடித்தபின் மனதில் நின்றது ராஜுமுருகனின் ‘லாலாகுண்டா பொம்மைகள்’தான். ஆறு தலைப்புகளில் அது ஒன்றில்தான் நகரத்தின் ஒரு பகுதிப் பெயர் இருக்கிறது. பிஸ்கட் கம்பெனி வேலை, பானிபூரி வண்டி, வடசென்னைத் தெரு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கதை. மற்றவற்றில் சிலதைக் கோவைக்குக் கொண்டுபோனாலும் பெரிய சேதாரம் இருக்காது.

ஆட்டக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். தமிழ் ஆந்தாலஜியைத் திட்டமிடுகிறவர்கள் இயக்குநர்களுக்கு உணர்ச்சியைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், இடத்தைக் கொடுப்பதில்லை. ‘நவரசா’வில் ஆளுக்கொரு ரசம். ‘பாவக் கதைக’ளில் நான்கு பேருக்கும் குடும்ப மானம். ‘புத்தம் புது காலை’க்கு ஊரடங்கு, 2020இல் வீட்டுக்குள்ளேயே ஆடியாக வேண்டிய கட்டாயம், அதை விட்டுவிடலாம்.

2006இல் வந்த ‘பாரிஸ், ஜ டெம்’ படத்தில் நகரத்தையே பகுதி பகுதியாகப் பங்கு போட்டார்கள். மொத்தம் 18 குறும்படங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. கோயன் சகோதரர்களுக்கு வாய்த்தது ஒரு மெட்ரோ பிளாட்பாரம். சுற்றுலாப் பயணியாக வரும் ஸ்டீவ் புஷெமி பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டிப் புத்தகம் படிக்கிறார். யாருடைய கண்ணையும் நேராகப் பார்க்காதே என்கிறது புத்தகம். எதிர் பிளாட்பாரத்துக் காதல் ஜோடியைப் பார்த்துவிடுகிறார். அப்புறம் அடி, உதை. கடைசிவரை அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் கதையை ஓட்டுகிறது. மலையாளத்தில் ‘கேரளா கஃபே’ (2009) பத்து இயக்குநர்களை ஒரு ரயில் நிலைய உணவகத்தில் கோத்தது.

நமக்கும் ரயில் பாதை இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் மைதானமாக வைத்து, அணியை நானே தேர்வு செய்கிறேன்.

பல்லாவரம் ஹலிதா ஷமீமுக்கு. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸியும் உடைந்த நாற்காலியும் பூச்செடியும் ஒரே வரிசையில் விலை பேசப்படும். ‘சில்லுக் கருப்பட்டி’யில் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு ரோஸ் நிறப் பையை வைத்தே கதை சொன்னவர் அவர். அந்தப் படத்தின் நான்கு கதைகளுக்கும் நான்கு ஒளிப்பதிவாளர்களை வைத்துக்கொண்டு ஒரே ஆளாக ஆந்தாலஜி ஆடிக் காட்டியவரும் கூட.

சானடோரியம் ராஜுமுருகனுக்கு. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் விட்டதும் கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டபடி பெண்கள் கூட்டமாக வருவார்கள். ரயில் சத்தம் கேட்டதும் நடை ஓட்டமாகிவிடும். ‘குக்கூ’ எடுத்தவருக்கு மின்சார ரயில் புதிதல்ல.

பெருங்களத்தூர் பாலாஜி சக்திவேலுக்கு. பண்டிகைக்கு முந்தின இரவு, கைக்குழந்தையும் சூட்கேஸுமாக ஜிஎஸ்டி சாலையோரம் தெற்கே போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபின் அந்தக் காட்சி மெல்ல மாறி வருகிறது. நினைவு மங்குவதற்குள் யாராவது எடுத்துவிட வேண்டும்.

முடிச்சூர் ‘காக்கா முட்டை’ மணிகண்டனுக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் படகு வந்ததையும், வங்கிக் கடன் பாக்கியோடு மொட்டை மாடியில் நின்றவர்களையும் அவர் மிகைப்படுத்தாமல் சொல்வார்.

தாம்பரத்தை மட்டும் இன்னும் யாருக்கும் தரவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கியே வளர்ந்த ஒரு புதுமுக இயக்குநருக்காக வைத்திருக்கிறேன்.