உடையும் மணிகளும் உடையாத கோளங்களும்

உலகின் ஒரு பகுதியைத் தெரிந்து, ஏனையவற்றை விலக்கி, தெரிந்தவற்றின் உறவுகளை இயங்கவிட்டுக் காட்டுவது என்ற வகையில், கணனி மாதிரியும் ஒரு பிரதிபலிப்பே. ஆதலின், எது விலக்கப்பட்டது என்று நாவலை நோக்கி நாம் எழுப்பும் வினாவை அதனை நோக்கியும் எழுப்பலாம்.

நிலப்பிளவின் இரு பாறைச் சுவர்களும் எதிரெதிராக நகரும்போது, இடையிலுள்ள பாறைமணிகள் நொறுங்கித் தூளாகின்றன. இத்தூட்படையின் தன்மை நிலநடுக்கத்தின் போக்கைப் பாதிக்கவல்லது. ஆயினும் ஆழத்தில் நிகழும் அந்நொறுங்கலை நேரிற் காண்பது அரிது. எனவே கணனி துணைக்கு வருகின்றது. துகள்களின் இயக்கத்தைத் தனித்தனியே கணிக்கும் முறையைக் கண்டலும் ஸ்ராக்கும் 1979இல் விளக்கினர். அதன் வழிவந்த தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் மணிகள் உடையாத வட்டங்களாகவே அமைந்தன. வட்டம் எளிதில் உருளும். ஆதலால் அவற்றிற் பெறப்பட்ட உராய்வு, ஆய்வுகூடத்தில் பாறைகள் காட்டிய உராய்விலும் குறைந்திருந்தது. அங்கு பேசியது பாறையன்று. அதற்கு அளிக்கப்பட்ட உருவமே.

கரன் மெயர், ஸ்ரெபன் ஆபே ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையைப் பெரிதும் கடந்தது. அதன் முப்பரிமாண மாதிரியில் ஒவ்வொரு மணியும் பல்லாயிரம் சிறு கோளங்களின் பிணைப்பாகும். பிணைப்பு அறுந்தால் மணி உடையும். உடைவு இருவகைப்பட்டது. அழுத்தம் மிகுந்தவிடத்து, குறிப்பாகத் தொடக்கத்தில், மணிகள் பிளக்கின்றன. அழுத்தம் குறைந்தவிடத்தும் பிற்கட்டங்களிலும் அவற்றின் விளிம்புகள் தேய்கின்றன. கரடான சுவர் பிளத்தலையும் வழவழப்பான சுவர் தேய்தலையும் ஊக்குவிக்கின்றது. மணியின் கதி, அதன் உள்ளுறுதியால் மட்டுமன்றி, சூழலாலும் அது கடந்துவந்த வரலாற்றாலும் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதே இவ்வாய்வின் பெறுமதியாகும்.

சம்மிஸ், கிங், பீகல் ஆகியோர் 1987இல் முன்வைத்த கருத்தும் இதனோடு இயைவது. சம அளவினதான மணி அயலில் இருக்கும்போதே ஒரு மணி எளிதில் உடைகின்றது. சிறுமணிகள் சூழ்ந்திருப்பின் பாரம் பகிரப்படுவதால் அது தப்புகின்றது.

எனினும் இரு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, மாதிரியின் அடிக்கோளம் என்றும் உடைவதில்லை. கணிப்பின் வசதிக்காக இடப்பட்ட இவ்வெல்லையை இயற்கையின் எல்லையாகக் கொள்ளலாகாது. மிக நுண்ணிய தூளைப் பற்றி இம்மாதிரி மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனத்தையும் வாசிப்பது திறனாய்வின் கடனாகும். இரண்டாவது, நம்மவரைப் பற்றியது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கும், சமனானோர் மோதுவதற்கும் இதோ இயற்கையின் சான்று என்று எழுந்தமானமாகக் கூறிவிடுதல் எளிது. ஆனால் மணிக்கு உணர்வில்லை. மனிதர் தம் நிலையை உணர்ந்து ஒன்றிணைய வல்லவர். இவ்வேறுபாட்டை மறந்த ஒப்புமை பொருள்முதல்வாதமன்று, வெறும் இயந்திரவாதமே.

மாதிரியின் உண்மை அதன் தோற்ற ஒப்புமையில் இல்லை. எதனை உடையவிட்டது, எதனை உடையாது காத்தது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் நேர்மையிலேயே அது தங்கியுள்ளது. யதார்த்த இலக்கியத்துக்கும் நாம் வேறு அளவுகோல் வைத்ததில்லை.