பேனுக்குப் பதில் சொல்லாத நுண்ணோக்கி

மார்கரெட் கேவண்டிஷ் 1666இல் லண்டனில் இரண்டு நூல்களைச் சேர்த்து ஒரே கட்டாக வெளியிட்டார். முன்னது, ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ போன்ற நூல்கள் கொண்டாடிய சோதனை அறிவியலோடு மல்லுக்கு நிற்கும் தத்துவ நூல். பின்னது ‘சுடரும் உலகம்’ என்ற கற்பனைக் கதை. படித்துக் களைத்த மனத்துக்கு ஒரு மாறுதலாகவே கதையைச் சேர்த்தேன் என்கிறார் முன்னுரையில். அந்தத் தன்னடக்கத்தை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த பூதாகரமான பேனால் பிச்சைக்காரனுக்கு என்ன லாபம், கடிக்காமல் தடுக்க அது வழி சொல்லுமா என்று தத்துவ நூல் கேட்கிறது. கேள்வி அங்கே அந்தரத்தில் நிற்கிறது. கதையில் அதே கேள்வியை, சுடரும் உலகை ஆளும் பேரரசி, நுண்ணோக்கியோடு வந்த அவளுடைய சோதனை அறிஞர்களான கரடி மனிதர்களிடம் நேரில் கேட்கிறாள். அதெல்லாம் கைத்தொழில் சமாச்சாரம், எங்கள் உயர்ந்த ஆய்வுக்குக் கீழானது என்கிறார்கள். எதிராளிக்கு வாய் கிடைத்ததும் அவனுடைய அகந்தை வெளியே வந்துவிடுகிறது. கட்டுரை நடையால் இது ஆகியிருக்காது.

இன்னொரு இடம் இதைவிடத் துணிச்சலானது. நூலாசிரியரே கதைக்குள் வந்து, பழைய தத்துவவாதிகள், சமகாலத்தவர்கள் ஆகியோரின் கொள்கைப்படி மனத்துக்குள் உலகங்களைப் படைத்துப் பார்க்கிறார். டெகார்த்தின் சுழல்களில் தலை சுற்றுகிறது. ஹாப்ஸின் அழுத்தத்தில் தலை வலிக்கிறது. கடைசியில், தானே இயங்கும் பொருள் என்ற தம் கொள்கையால் ஆன உலகம்தான் அவருக்கு ஒத்துவருகிறது. ரசமான கட்டம்தான். ஆனால் தலைசுற்றல் மறுப்பாகிவிடுமா? ஆகாது. டெகார்த் பதில் சொல்ல ஒரு வரிகூட இங்கே தரப்படவில்லை. கரடி மனிதர்களும் கடைசிவரை பொம்மைகளே: தொலைநோக்கிகளை உடைக்கச் சொன்னால், சண்டை போட வேறு விஷயம் இருக்காதே என்று கெஞ்சுகிறார்கள். சோதனை அறிவியலின் சபையான ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இல்தான். சபையில் இடம் இல்லாதவர் சபையையே கற்பனை செய்துகொண்டதில் வியப்பில்லை. அது காரணத்தை விளக்குகிறதே தவிர, வாதத்தின் ஓட்டையை அடைக்கவில்லை.

கதையின் இரண்டாம் பகுதி வெறும் போர்க்கதை. பேரரசி நெருப்புக்கற்களால் எதிரிகளை எரிக்கிறாள். எந்தக் கொள்கையும் அங்கே சோதனைக்கு வருவதில்லை.

ஆக, நாவலாக இது பாதிக்கு மேல் தோல்வி. தத்துவமாக, பேன் கட்டத்தில் மட்டும் கட்டுரையை வென்றுவிடுகிறது; அந்த ஒரு வெற்றியே கதையை வெறும் இளைப்பாறல் என்று ஒதுக்கவிடாது. இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் தத்துவத்தையும் கதையையும் தனித்தனியாகப் பாகம் பிரித்துவிட்டன. வாங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.