வாசலுக்கு வரும் மாத்திரை

ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. மாத்திரை இலவசம்தான். ஆனாலும் கிறுகிறுப்பு வந்தால்தான் போவார். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவார். பிறகு பக்கவாதம் வரும். குடும்பம் கடனில் விழும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தக் கூலி இழப்பைக் கணக்கில் எடுத்தது. அதன் பெரிய பலம் அதுவே. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். யார் வீட்டில் யார் மாத்திரை போடாமல் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. 2020இல் தமிழகத்தில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. 2023-24 ஆய்வில் அது 17 சதவீதம். இந்த உயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது; ஆனாலும் திசை சரி. அதேசமயம், நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டோர் இன்னும் அந்தக் கட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

யார் அவர்கள்? தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் வேலைக்குப் போயிருப்பவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். வீடு தேடிப் போகும் திட்டம் பகலில் வீட்டில் இருப்பவரைத்தான் பிடிக்கும். 2024இல் தொழிலாளர்களைத் தேடி வேலையிடங்களுக்கே மருத்துவம் போகத் தொடங்கியது நல்ல திருத்தம். ஆனால் தினம் ஒரு இடத்தில் வேலை பார்க்கும் சித்தாளுக்கு எது வேலையிடம்?

வீடு வீடாகப் போகும் இந்தச் சுமையைத் தாங்கும் தன்னார்வலப் பெண்களுக்கு நிரந்தர ஊதியம் இல்லை, ஊக்கத்தொகைதான். ஏழைகளின் உடல்நலத்தை ஏழைப் பெண்களின் மலிவான உழைப்பில் காப்பது நியாயமில்லை.

அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை தரும் அதே அரசுதான் டாஸ்மாக் கடையில் மதுவும் விற்கிறது. ரேஷனில் அரிசி கிடைக்கிறது. ஆனால் காய்கறிக்கும் பழத்துக்கும் கூலிக்காரர் சந்தையைத்தான் நம்ப வேண்டும். நோயை உண்டாக்கும் இந்தச் சூழலைச் சுகாதாரத் துறை தனியாக மாற்ற முடியாது. நிதித் துறையும் உணவுத் துறையும் சேர்ந்தால்தான் நடக்கும்.

பயனாளிகள் இத்தனை கோடி என்று அறிவித்தால் போதாது. எந்தத் தொழில், எந்தச் சமூகம், எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். அதைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் சொல்லுங்கள்.