தூக்கிய காலும் உருகிய மெழுகும்

சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனிவா நகருக்கு அருகே, அணுவின் உள்ளமைப்பை ஆராயும் செர்ன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. இந்திய அரசு அன்பளிப்பாக அளித்த அச்சிலை, 2004ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. விண்வெளியின் ஆக்கமும் அழிவும், அணுத்துகள்களின் ஓயாத அசைவும் இந்த ஆடலில் அடங்கியிருக்கின்றன என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

அண்மையில் உடுமலைப்பேட்டை இளைஞர் சிலர் அச்சிலையின் படத்தைக் காட்டி, "விஞ்ஞானியே தன் முற்றத்தில் வைத்துக் கொண்டான், இனி நாம் என்ன சொல்வது?" என்று கேட்டனர். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, தம்பி!

முதலில் சிலையைச் சிலையாகப் பார்ப்போம். உடலின் பாரமெல்லாம் ஒற்றைக் காலில், தூக்கியது இடக்கால், அதற்குத் துணையாகக் குறுக்கே நீண்ட கை, காற்றில் விரிந்த சடை, சுற்றிலும் சுடர்வட்டம். ஆட்டம் நிற்கவில்லை, ஆனாலும் உருவம் சாயவில்லை! சோழர் காலச் சிற்பிகள் செம்பில் கண்ட இந்தச் சமநிலைக்கு ஈடு காண்பது அரிது. இதை மறுப்பவன் பகுத்தறிவாளன் அல்லன், கண்ணிருந்தும் காணாதவன்.

ஆனால், கலையைப் போற்றுவது ஒன்று. கலையைக் காட்டிக் கதையை விற்பது மற்றொன்று. 1975இல் ஃபிரிட்ஜாஃப் காப்ரா என்னும் இயற்பியலாளர், துகள்களின் அசைவையும் சிவன் ஆடலையும் தம் நூலில் ஒப்பிட்டார். ஒப்பிட்டார், அவ்வளவே! நிலவு போன்ற முகம் என்று பாடிய புலவன், நிலவுக்குச் செல்ல வழி கண்டவன் ஆகிவிடுவானா? உவமை வேறு, உண்மை வேறு. 2012 சூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளைப் பற்றி அறிவித்தார்களே, அதைத் தேடிக் கண்டது நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த கருவி. முற்றத்தில் நின்ற திருவடி அன்று. அத்திருவடியின் கீழே கிடக்கும் முயலகனை அறியாமையின் உருவம் என்கிறார்கள். நல்லது, அறியாமை அங்கேயே கிடக்கட்டும், எழுந்து வந்து நமக்குப் பாடம் நடத்த வேண்டாம்!

அப்படியானால் இச்சிலையில் விண்வெளியே இல்லையா? இருக்கிறது. கதையில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் மண்ணில் முளைத்தவை அல்ல. நம் கதிரவன் தோன்றுமுன், மாபெரும் விண்மீன்களின் உள்ளே வெந்தும், அவை வெடித்த வெடிப்பில் சிதறியும் உருவானவை. 2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை ஆராய்ந்தோர், பொன் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய மோதலில் பிறப்பதற்குச் சான்று கண்டனர். ஆகவே, ஆடும் சிலை மட்டுமா விண்ணின் பிள்ளை? அடுப்படியில் கிடக்கும் செம்பும் விண்ணின் பிள்ளையே!

செய்முறையையும் பாருங்கள். சுவாமிமலைச் சிற்பி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் பிடிக்கிறான், அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறான், சூடேற்றுகிறான். மெழுகு உருகி ஓட, உள்ளே வெற்றிடம். அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறான். பிறகு மண்ணை உடைக்கிறான். இல்லாமற் போன மெழுகின் வடிவில் உலோகம் நிற்கிறது!

இதே வேலையைக் கடல் செய்திருக்கிறது. அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடி. அங்கே சேற்றில் புதைந்த உயிர்களின் ஓடு கரைய, அவ்விடத்தில் கனிமம் ஊறி நிறைந்து கல்லாயிற்று. சுருண்ட ஓட்டையுடைய அம்மோனைட்டுகள், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி அழிந்தவை. அவற்றின் பதிவுகள் அரியலூர்ப் பாறையில் உள்ளன. அந்த இனத்தின் பதிவையே நேபாளத்துக் கண்டகி ஆற்றில் பொறுக்கிச் சாளக்கிராமம் என்று பூசை செய்கிறார்கள். சுருளைத் திருமாலின் சக்கரம் என்கிறார்கள். செப்புப் படிமம் என்கிறோம், புதைபடிமம் என்கிறோம். சொல்லும் ஒன்றே, வழியும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றைச் செய்தவன் உழைப்பாளி. மற்றொன்றைச் செய்தது இயற்கை. இரண்டிலும் ஆண்டவனுக்கு வேலை இல்லை.

கொங்கு மண்ணுக்கு இந்த அறிவு புதிதன்று. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறை நிலவின் பாறையை ஒத்தது. நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க அம்மண்ணே பயன்பட்டது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நம் காலடி மண் விண்ணைப் பேசுகிறது. நாமோ ஏட்டுக் கதைக்கு விஞ்ஞானியிடம் சான்றிதழ் கேட்கிறோம்!

இன்னொன்றும் நினைவில் கொள்க. இந்த ஆடலைக் காண ஏங்கிய நந்தன், தீயில் புகுந்த பின்பே உள்ளே போனான் என்கிறது புராணம். செம்பை உருக்கத் தீ வேண்டும். மனிதனைத் தூய்மையாக்கத் தீ எதற்கு? 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் நடத்திய கிந்தனார் கதையில் அதற்கு விடை கிடைத்தது. அதை எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் கல்விக்காகப் பட்டணம் போனான்!

உடுமலை இளைஞர்களே! சிலையை வெறுக்க வேண்டாம், வணங்கவும் வேண்டாம், படியுங்கள். வார்த்த கைகளின் பெயரைக் கேளுங்கள், உலோகத்தின் வரலாற்றைக் கேளுங்கள். கோவையின் வார்ப்படச் சாலைகளில் உலை இருக்கிறது, சுவாமிமலையில் கை இருக்கிறது. அதே மெழுகில் அரியலூரின் அம்மோனைட்டும், அதே செம்பில் வெடிக்கும் விண்மீனும் நாளை வார்க்கப்படட்டும். அந்தச் சிலைக்கு முன் நின்று அதைக் காண எவனும் தீயில் இறங்க வேண்டியிராது.