காலாங் எரிவாயு ஆலை: ஆவணமும் வழக்காறும்

ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் உரிமையாளர்தம் ஆவணங்களையே சார்ந்து நிற்கின்றனர். சிங்கப்பூரின் காலாங் எரிவாயு ஆலை இதற்குத் தக்க சான்றாகும். 1862இல் நிறுவப்பட்டது, 1864இல் தெருவிளக்குகளுக்கு எரிவாயு வழங்கியது, 1901இல் நகராட்சி வசமானது, 1998இல் மூடப்பட்டது என்னும் ஆண்டுவரிசை ஆலையின் உடைமை வரலாற்றை மட்டுமே உணர்த்துகின்றது. காற்றுப்புகாக் கலங்களில் நிலக்கரியைச் சூடாக்கி வாயு பிரித்த உழைப்பாளரை அது காட்டுவதில்லை.

சீன மக்கள் அவ்வட்டாரத்தை 'நெருப்பு நகர்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். ஆலையை அண்டி வாழ்ந்தோரின் பார்வையை அப்பெயர் காத்து நிற்கின்றது. ஆகவே, இடப்பெயரும் வாய்மொழியும் ஆவணத்திற்கு வெறும் துணைச் சான்றுகள் அல்ல. அதன் குறையை நிரப்பும் முதன்மைச் சான்றுகள் என்பதே நம் கருத்து. இறுதித் தலைமுறைத் தொழிலாளர் முதுமையெய்திவரும் இக்காலத்தில் அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்வதை ஒத்திப்போடலாகாது.