அடைப்புக்குறிக்குள் ஒரு முகவரி

மந்தைவெளி டிடிபி கடையில் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்த பெண், “அண்ணா, 1998க்குப் பக்கத்துல பக்க எண் விட்டுப்போச்சு” என்றார். ஆண்டுக்குப் பின் கமா, ஓர் இடைவெளி, ‘ப. 45’; அடைப்புக்குறி மூடிய பிறகே முற்றுப்புள்ளி. எவ்வளவு மரியாதையான ஒழுங்கு!

ஆய்விதழ்க் கட்டுரையை ஆசிரியர், ஆண்டு என்று சுட்டும் இம்முறையை 1881இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். நம்மிடம் புறநானூற்றுப் பாடலைச் சுட்டும் ‘புறம். 192’ இருக்கிறது, இதைவிடச் சிக்கனமான முகவரி ஏது?

ஆனால் பழைய உரையாசிரியர்கள் பல இடங்களில் அடியை மட்டும் காட்டி, நூற்பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உழைத்த உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையிலிருந்த அத்தகைய மேற்கோள்களின் மூலத்தை ஏடு ஏடாகத் தேடினார். தேடிப்போன இடத்தில் சங்க நூல்கள் இருந்தன.